இது அவர் அல்ல

செய்தி வந்தபோது நான் ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு ராணுவ அதிகாரியின் ஓவியம். நிஜத்தில் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஆள் அளவுக்கு வந்துவிடும். நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் என் வீட்டுச் சமையலறை மேசை, காலை பத்து மணி, பக்கத்தில் ஆறிப்போன காபி. டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கும் ஜைனம்புவின் மகள் நஸ்ரீனிடமிருந்து செய்தி வந்தது. உம்மா நேற்று சாயங்காலம் காலமாகிவிட்டார், ஹார்ட் அட்டாக், நாளை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், நான் ஏர்போர்ட்டில் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். உம்மா என்ற சொல் மட்டும்தான் தமிழ். நான் தலை நிமிர்ந்தபோது திரையில் அந்த அதிகாரி இன்னும் இருந்தார். கம்ப்யூட்டரை மூடினேன். அவர் முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. நான் கபுர்ஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். ஜைனம்புவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அவரைக் குளிப்பாட்டிய இரண்டு பெண்கள் மரத்தடியில் நின்றிருந்தார்கள். "ஆன்ட்டி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே செஞ்சோம்" என்றாள் ஒருத்தி. முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அமைதியா இருந்தாங்க" என்றாள். எல்லோரைப் பற்றியும் எல்லோரும் சொல்வதுதானே அது. எனக்கு அது போதவில்லை. அந்தப் போதாமையில்தான் பின்னால் அந்தத் தப்பைச் செய்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அவர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நூலகம் பார்த்துக்கொண்ட ஜைனம்பு ஆன்ட்டி. சிலருக்குப் பள்ளிவாசலில் இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துகிறவர். எனக்கு அவர் ஏழு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த தோழி. பள்ளி மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அவர் படம் என்று ஒன்று வைத்திருந்தோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிலர் அதற்கு முன்னால் அழுதும் இருப்பீர்கள். அதைப் பற்றி நான் அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

வடக்கு ஜெர்சியில், இந்த நாடு பிறந்த போர்க் காலத்தில் கட்டிய ஒரு மர வீடு. அதை அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மாடியில் வடக்குப் பக்க அறையில் மினியேச்சர்கள் இருந்தன. யானைத் தந்தத்தைக் காகிதம்போல் மெலிதாக இழைத்து, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைந்த முகங்கள். தளபதிகள், கேப்டன்கள், சட்டமன்றத்துக்காரர்கள், அரசியல் சாசனம் பற்றிச் சண்டை போட்டவர்கள். போட்டோ இல்லாத காலம். போருக்குப் போகிறவர் தன் முகத்தை வரைந்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் அதைச் சங்கிலியில் கோத்து நெஞ்சில் போட்டுக்கொள்வாள். பின்பக்கக் கண்ணாடிக்குள் அவருடைய தலைமயிரைப் பின்னி வைத்திருப்பார்கள். முன்னால் முகம், பின்னால் மயிர். முதல் ஜனாதிபதியின் முகம் மட்டும் எங்களிடம் நான்கு இருந்தது. நான்கும் நான்கு ஆள்.

அவற்றைப் பாதுகாப்பது ஜைனம்புவின் வேலை. படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனியில் என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மூன்று மாதத்துக்கு என்று எடுத்துக்கொண்ட கான்ட்ராக்ட் இது. ஏழு வருடம் இழுத்தது. முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, "நீங்க மெட்ராஸா?" என்றார். அம்பத்தூர் என்றேன். "நான் காயல்பட்டினம். இந்த ரூம்ல வெளிச்சம் கூடாது, காபி கூடாது, சத்தமா பேசக் கூடாது. மத்தபடி சௌகரியமா இருங்க" என்றார். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முகமும் இழுப்பறைக்குள் இருட்டில்தான் கிடக்கும். எந்த முகம் எந்த நாளில் எத்தனை நிமிடம் வெளிச்சம் பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு. அது முடிந்துவிட்டால் பிறகு யார் வந்து கேட்டாலும் திறக்க மாட்டார்.

திறப்பதற்கு முன் விரல் முட்டியால் இழுப்பறையின் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி இழுப்பார். பிஸ்மில்லாஹ் எனக்குப் புரிந்தது. தட்டுவது எதற்கு என்று கேட்டேன். "ஆள் இருக்கிற ரூம், தட்டாம நுழையலாமா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிங்க, சிரிங்க. ஒரு நாள் நீங்களும் தட்டுவீங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாள் வந்தது. ஜனவரி மாதம், அவர் ஊருக்குப் போயிருந்தார். அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். பழைய வீடு, வெந்நீர்க் குழாயில் சூடேறினால் சுவருக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வரும். நான் அவசரத்தில் ஒன்பதாவது இழுப்பறையைச் சட்டென்று இழுத்தேன். உள்ளே ஆறு முகங்கள், ஆறு குழியில். ஐந்து பேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் குப்புறக் கிடந்தார். மயிர் வைத்த பக்கம் மேலே இருந்தது. குழி ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டியது, தானாகப் புரள வழியே கிடையாது. நான் அதைத் தொடவில்லை. இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டுக் கீழே போய்ப் பாதுகாவலர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜைனம்பு திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார். ஊருக்குப் போகும் முன் பின்பக்கத்தைச் சுத்தம் செய்ததாகவும், திருப்பி வைக்க மறந்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "தட்டிட்டுத் திறந்திருந்தா அவரும் மரியாதைக்குத் திரும்பியிருப்பார்" என்றார். அன்றிலிருந்து நானும் தட்டுகிறேன்.

அந்தக் குப்புறக் கிடந்தவர்தான், செய்தி வந்த காலையில் என் திரையில் இருந்தவர். நீலக் கோட்டு, பொன் நிறத் தோள் சின்னம், சாம்பல் கண்கள். பெயர் தெரியாது. பட்டியலில் ஊர் பேர் தெரியாத அதிகாரி என்றுதான் இருக்கும். அவரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒரு குளிர்காலப் பகல். பின் கண்ணாடியில் விரிசல் என்று ஜைனம்பு அதைக் கழற்றினார். உள்ளே வளையமாகச் சுற்றி வைத்த செம்பட்டை மயிர். இருநூறு வருடத்தில் முதல் தடவையாகக் காற்று பட்டது. அவர் விரலைக் கொண்டுபோனார். மயிரின் ஒரு நுனி எழுந்தது. எழுந்து, அவர் விரலைத் தேடிக்கொண்டு வந்தது. நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். ஜைனம்பு கையை இழுக்கவில்லை. அசையாமல் வைத்துக்கொண்டு, "இருங்க, இருங்க. உங்களைக் கொண்டுபோக வரலை. கண்ணாடி மாத்திட்டுப் போயிடுவேன்" என்று தமிழில் சொன்னார். குளிர்காலத்தில் காற்று வறண்டால் ஸ்வெட்டரைக் கழற்றும்போது நம் தலைமயிரும் இப்படித்தான் எழும். அதை அவரே எனக்கு விளக்கினார். விளக்கி முடித்த பிறகும் வெகுநேரம் தன் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது விஷயம் அந்த முகம். ஒரு நாள் அவர் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "சாந்தி, இங்கே வாங்க. இவர் நம்மளைப் பார்க்கலை" என்றார். நானும் பார்த்தேன். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் பார்வை நம்மேல் விழவில்லை, நமக்குப் பின்னால் இருக்கும் எதன் மேலும் விழவில்லை. "கன்னத்தைப் பாருங்க. சதை கீழே தொங்கலை, காதுப் பக்கமா போயிருக்கு. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அப்படிப் போகாது. படுத்திருக்கிறவங்களுக்குத்தான் போகும். மவுத்தான பிறகு வரைஞ்சிருக்காங்க. மய்யித்தைப் பார்த்து வரைஞ்சு, கண்ணை மட்டும் திறந்து விட்டிருக்கான் அந்த ஓவியன்." இறந்த பிறகு வரைந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். எத்தனை பெண்களின் முகத்தை அந்தக் கோலத்தில் கழுவித் துடைத்தவர் அவர். "கண்ணைத் திறந்து வரைஞ்சா பொண்டாட்டிக்கு ஆறுதல்னு நினைச்சிருப்பான். பாவம், அவ தினமும் கழுத்துல இதைப் போட்டுக்கிட்டு, ஏன் இவர் என்னைப் பார்க்க மாட்டேங்கிறார்னு யோசிச்சிருப்பா" என்றார்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு தகராறு வந்தது. அந்த ஊரின் பழைய குடும்பம் ஒன்றுக்கு, தங்கள் முன்னோரான ஒரு கர்னலுக்குப் படமே இல்லையே என்று ஒரு குறை. எங்கள் அதிகாரியைப் பார்த்ததும் மூக்கு அப்படியே எங்கள் தாத்தா மூக்கு என்றார்கள். அருங்காட்சியக இயக்குநருக்கும் அது பிடித்துப்போனது. பெயரில்லாத முகத்தைவிடப் பெயருள்ள முகத்தைப் பார்க்கத்தான் ஜனம் வரும். ஜைனம்பு முடியாது என்றார். மூக்கைத் தவிர வேறு ஆதாரம் என்ன என்று கேட்டார். கடைசியில் இயக்குநர் கர்னலின் பெயரை அட்டையில் அச்சடித்து வைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தோன்றியது. பெயரில்லாத ஒருவருக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதானே என்று சொன்னேன். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. "இவருக்குப் பெயர் கிடைச்சிடும், சரி. அந்தக் கர்னலோட நிஜ முகம் எங்கேயாவது ஒரு வீட்டுல, ஒரு டப்பாவுல இருக்குமே, அது எங்கே போகும்? நாளைக்கு அது வெளியே வந்தாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நீ அவர் இல்லைன்னு சொல்லிடுவாங்க."

அட்டையை அவர்தான் வைத்தார். வைப்பதற்கு முன் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதினார்: இது அவர் அல்ல. ஏன் தமிழில் என்றேன். "இங்கிலீஷ்ல எழுதினா நாளைக்கே ரப்பர் போட்டு அழிச்சிடுவாங்க. தமிழ்ல எழுதினா ஏதோ பழைய கேட்டலாக் நம்பர்னு பத்திரமா வச்சிருப்பாங்க" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, இது முதல் தடவை இல்லை. சந்தேகமான ஏழெட்டு முகங்களின் அட்டைக்குப் பின்னால் அதே மூன்று சொற்கள், அவருடைய அந்த வட்ட வட்டமான எழுத்தில். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மினியேச்சரின் கண்ணாடி கொஞ்சம் புடைத்திருக்கும். கேமராவில் எடுத்தால் அறையே அதில் தெரியும். அதனால் கேமராவுக்கு முன் ஒரு கறுப்புத் துணியை, நடுவில் ஓட்டை போட்டு, ஜைனம்பு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். பெயரில்லாத அதிகாரியை எடுத்தபோது துணி நழுவிவிட்டது. படத்தில் அதிகாரியின் முகத்தின்மேல் ஜைனம்புவின் முகம் விழுந்திருந்தது. நெற்றி, முக்காட்டின் ஓரம், மூக்கின் ஒரு பக்கம் எல்லாம் அவருடையவை. வாயும் கன்னமும் அதிகாரியுடையவை. கண்கள் சரியாகக் கண்களின்மேல் விழுந்து, யாருடையவை என்று சொல்ல முடியாமல் இருந்தன. நான் "ஐயோ, நல்லா வந்திருக்கே" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "அழிச்சிடுங்க சாந்தி" என்றார்.

அவர் படம் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவில் குரூப் போட்டோ என்றதும் தேநீர் ஊற்றப் போய்விடுவார். காயல்பட்டினத்தில் அவருடைய உம்மா வீட்டுச் சுவரில் எந்த முகமும் தொங்கியதில்லையாம். நாள் முழுக்க முகங்களோடு குடித்தனம் நடத்துகிறவர் இப்படிச் சொல்லலாமா என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். "பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணு, லைசென்ஸுக்கு ஒண்ணு. அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய முகத்தைக் கொடுத்தாச்சு. மிச்சம் என்னோடது" என்றார். பிறகு, "முகத்தை விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு இந்த ரூம்ல தினமும் பார்க்கிறேனே" என்றும் சொன்னார். அன்றைக்கு அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அழிக்கவில்லை. அழகாக இருந்தது, அழிக்க மனம் வரவில்லை. என் கம்ப்யூட்டரில் ஒரு ஓரத்தில் போட்டு வைத்தேன்.

அடக்கம் முடிந்த வாரம் பாலாஜி போன் செய்தார். தமிழ்ப் பள்ளியில் கூட்டங்களை நடத்துகிறவர், நல்ல மனிதர். "அக்கா, ஆன்ட்டி போட்டோ ஒண்ணுகூட யார்கிட்டயும் இல்லக்கா. பொண்ணுகிட்ட கேட்டா, உம்மாவுக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டா. ஒரு போட்டோ இல்லாம எப்படிக்கா மீட்டிங் வைக்கிறது? எதுக்கு முன்னாடி நின்னு பேசுறது? உங்ககிட்ட ஏதாவது இருந்தா ஃபார்வர்ட் பண்ணுங்க ப்ளீஸ்." நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். இறந்தவருக்குப் படம் வைக்காவிட்டால் அவரை அம்போ என்று விட்டுவிட்டதுபோல் ஒரு உறுத்தல். எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. அதோடு கடைசியாக அவர் முகத்தைப் பார்க்காத ஏக்கமும் சேர்ந்துகொண்டது. அந்தப் படத்தை அனுப்பினேன். நிழல் விழுந்த படம், கிளியராக இருக்காது என்று ஒரு வரி எழுதினேன். அதில் இன்னொருவரும் இருக்கிறார் என்று எழுதத் தோன்றவில்லை.

கூட்டத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு வண்ணப் படம். முக்காடு போட்ட ஒரு பெண், வழவழவென்று முகம், லேசான புன்னகை. பாலாஜி ஓடி வந்தார். "ஏஐ-ல போட்டு க்ளீன் பண்ணேன்க்கா. ஏதோ டபுள் இமேஜ் மாதிரி இருந்துச்சு, அதுவே எடுத்துட்டு மிச்சத்தை ஃபில் பண்ணிடுச்சு. எவ்ளோ நேச்சுரலா வந்திருக்கு பாருங்க." யாரோ ரோஜா மாலை போட்டிருந்தார்கள். முஸ்லிம் வீட்டுப் படத்துக்கு மாலை போடலாமா என்று இன்னொருவர் கேட்க, அவசர அவசரமாக மாலையைக் கழற்றினார்கள். படம் மட்டும் இருந்தது.

நெற்றி ஜைனம்புவின் நெற்றி. மூக்கு ஏறக்குறைய அவருடையது. வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். சதை காதுப் பக்கமாகப் போயிருந்த அந்தக் கன்னத்தை நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். கண்களைக் கறுப்பாக மாற்றியிருந்தது அந்த இயந்திரம். பார்வையை மாற்றவில்லை. அது மண்டபத்தில் யாரையும் பார்க்கவில்லை. இருநூறு வருடத்துக்கு முன் இறந்த ஒரு ராணுவ அதிகாரி, முக்காடு போட்டுக்கொண்டு, எங்கள் தமிழ்ப் பள்ளி மேடையில் உட்கார்ந்திருந்தார். என்னைச் சுற்றி, "அப்படியே இருக்காங்க இல்ல?" என்று ஒருவர் சொல்ல, "பேசுற மாதிரியே இருக்கு" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தது.

நஸ்ரீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இங்கேயே பிறந்த பெண். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள். "ஆன்ட்டி, ஹூ இஸ் தட்?" பின்வரிசையில் ஒரு அம்மாள், "பாவம், அதிர்ச்சியில பெத்த தாயையே தெரியலை பொண்ணுக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். என் முறை வந்தபோது மைக்கைப் பிடித்து, அவர் நேர்மையானவர், கறாரானவர் என்று ஏதோ பேசினேன். பேசி முடிக்கும் வரை படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன். நான் இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டில் கண்ணை மூடி ஜைனம்புவை நினைத்தால் அந்தப் படம் வர ஆரம்பித்தது. சாப்பாட்டு டப்பா முன்னால் சிரித்த ஜைனம்புவை நினைப்பேன். சிரிப்பு சத்தம் அவருடையது, சிரித்த வாய் அதிகாரியுடையது. ஏழு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்த முகம் மூன்று வாரத்தில் அழிந்துகொண்டிருந்தது. பள்ளியிலும் அந்தப் படத்தை நூலகச் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கர்னலின் நிஜ முகம் எங்கே போகும் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புகள் தொடங்குவதற்கு முன் பள்ளிக்குப் போனேன். கழற்றி எடுத்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நூலகத்தில் யாரும் இல்லை. அவர் அட்டை போட்டு வைத்த புத்தகங்களுக்கு மேலே அது தொங்கியது. ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பின்பக்க அட்டையில், கீழ் மூலையில், பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: இது அவர் அல்ல.

வட்ட வட்டமான எழுத்து. ஜைனம்புவின் எழுத்து. புத்தக அலமாரிகளைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்வை தெளிந்தது. கோடுகள் நடுங்கியிருந்தன. எழுதத் தெரிந்தவர்கள் ஒரே இழுப்பில் போடும் சுழியை இரண்டு துண்டாகப் போட்டு ஒட்டியிருந்தது. புள்ளிகள் புள்ளியாக இல்லை, சின்னச் சின்ன வட்டமாக, உள்ளே நிரப்பப்பட்டு இருந்தன. இது எழுதியது இல்லை, பார்த்து வரைந்தது.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஃபிரிஸ்கோவுக்குப் போன் செய்தேன். "நஸ்ரீன், பள்ளிக்கூடத்துப் படத்துக்குப் பின்னாடி எழுதினது நீதானே?" ஆமாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சின்ன வயதில் அருங்காட்சியகத்துக்கு வரும்போது உம்மாவின் அட்டைகளில் அந்த மூன்று சொற்களைப் பார்த்திருக்கிறாள், என்ன என்று கேட்டு அர்த்தமும் தெரிந்துகொண்டிருக்கிறாள். உம்மாவின் சொந்த நோட்டு ஒன்றில் அந்தச் சொற்கள் எழுதிய பழைய அட்டை ஒன்று இருந்தது, அதைக் கைப்பையில் வைத்திருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது அதைப் பார்த்து வரைந்தாளாம். "எல்லாரும் அழுதாங்க ஆன்ட்டி" என்று முதல் தடவையாக என்னிடம் தமிழில் சொன்னாள். "எடுக்க முடியல. அதான்." பிறகு, எழுத்தெல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டாள். சரியாக இருந்தது கண்ணா என்றேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி நழுவியது, அழிச்சிடுங்க என்று உம்மா சொன்னது, அழித்துவிட்டதாக நான் சொன்ன பொய், பாலாஜிக்கு அனுப்பியது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கடைசியில், "ஸோ, உம்மா ஆஸ்க்ட் யூ டு டிலீட் இட்?" என்றாள். ஆமாம் என்றேன். "தென் டிலீட் இட், ஆன்ட்டி." அம்மா அளவுக்கே கறார்.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். ஜைனம்பு அப்படித்தான் செய்வார். தப்பான முகத்தை அவர் எங்கேயும் கிழித்துப் போட்டதில்லை, பின்னால் உண்மையை எழுதி வைப்பார். நூலகத்துக்குப் போகிறவர்கள் ஒருமுறை அதைத் திருப்பிப் பாருங்கள். மகள் தன் கையால் வரைந்து வைத்திருக்கிறாள். அதைத்தான் நானும் இங்கே எழுதுகிறேன். நீங்கள் வணங்கிய முகம் அவர் இல்லை. தப்பு பாலாஜியுடையதும் இல்லை, என்னுடையது.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தக் கோப்பைத் தொடும் முன் என் விரல் முட்டி தானாக மேசையை இரண்டு தட்டு தட்டியது. பிறகு பார்த்தேன். இதில் மட்டுமாவது அவர் இருப்பார், ஒருமுறை பார்த்து நிஜ முகத்தை மனதில் பதித்துக்கொண்டு அழித்துவிடலாம் என்று ஒரு ஆசை. வெகுநேரம் பார்த்தேன். எது அவர், எது அதிகாரி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கண்களை மட்டும் பெரிதாக்கினேன். அவை என்னைப் பார்க்கவில்லை. மன்னிச்சிடுங்க ஜைனம்பு என்று வாய்விட்டுச் சொல்லி, அழித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே அழித்தேன்.

ஆகவே அவர் முகம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்தத் தட்டல்தான். வடக்குப் பக்க அறையில் இப்போது நான் தனியாகத்தான் வேலை பார்க்கிறேன், ஒவ்வொரு இழுப்பறையையும் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன், வெளிச்ச நோட்டை நானே எழுதுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. சில பகல்களில் நான் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கும்போது, சுவர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்கிறது. வெந்நீர்க் குழாய் சூடேறும் சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வேலையிலிருந்து தலை நிமிராமல், "வாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.